கள்ளனுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

என் மனைவி ஹெலன் இறந்து சில மாதங்கள் கழித்து, மாமியார் நரகத்துக்குப் போவது என்று முடிவெடுத்தார்.

நான் முதல் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் ஞானஸ்நானம் எடுக்கல நைனா. பாஸ்டராண்ட சொல்லிடு."

"ஏன் அத்தை?"

"எடுத்தா மேல பூடுவேன்."

"போனா நல்லதுதானே?"

"ஹெலன் அங்க இல்லியே. நான் மட்டும் மேல போய் இன்னா பண்றது? யாரு மூஞ்சப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்கிறது? பாஸ்டர் மூஞ்சியா?"

மீனில் முள் இருந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் பாஸ்டர் ஆசீர்வாதம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது முழுநேர ஊழியம். ஆலைகளின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைதான் சபை. இரும்பு உருளும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மைக்கே தேவையில்லை. ஆனாலும் மைக் இருந்தது, வெளியே இரண்டு குழாய் ஸ்பீக்கரும் இருந்தன. அவருடைய பிரசங்கம் எங்கே தொடங்கினாலும் தண்ணீரில் போய்த்தான் முடியும்.

"தலையில தெளிச்சா ஞானஸ்நானமா? அப்ப தெனம் காலைல தண்ணி தெளிச்சிக் கோலம் போடுறீங்களே, அந்த வாசப்படி மோட்சத்துக்குப் போவுமா? முங்கணும்! உச்சி முடி வரைக்கும் முங்கணும்! முங்காதவன் பரலோகத்து கேட்டாண்ட கூட நிக்க முடியாது!"

மாமியாரின் பெயர் ரோசம்மாள். பிறப்பில் கத்தோலிக்கர். ஹெலன் கைக்குழந்தையாக இருந்தபோது கோயிலில் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பாஸ்டர் கணக்கில் அது வாசல் தெளித்தது. எனவே தாயும் மகளும் முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் முங்குவதாகப் பேச்சு.

நான் பெயர் கொடுக்கவில்லை. என் பெயர் தணிகாசலம். அதைக் கேட்ட பிறகு யாரும் மேலே கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். ஸ்பீக்கர்கள் டீக்கடையைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தன. சபைக்குள் தூங்கியவர்களைவிட எனக்குப் பிரசங்கம் நன்றாகத் தெரியும்.

சபையில் விசுவாசத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்தான் பிரச்சினை. முதலில் பக்கத்து ஏரியில் கொடுத்துப் பார்த்தார்கள். முங்கி எழுந்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பழைய மனுஷன் உரிந்து போகிறான் என்று பாஸ்டர் சமாளித்தார். அவருக்கும் அரிக்கத் தொடங்கியதும் இடத்தை மாற்றினார்.

பழவேற்காட்டுக்குப் போனபோது தண்ணீர் உள்வாங்கியிருந்தது. எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் வரைதான். ஆட்களைப் படுக்கவைத்து உருட்ட வேண்டியதாயிற்று. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கரையில் உட்கார்ந்தார்கள்.

பெரியபாளையத்து ஆற்றில் அந்த வருஷம் நல்ல தண்ணீர். ஆனால் அது ஆடி மாதம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்த கூட்டம் ஆறு முழுக்க நின்றது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே ஒவ்வொருவராக முக்கினார். நடுவில் ஓர் அம்மாள், மஞ்சள் புடவை. யாரோ பெரியவர் தலையைப் பிடித்து முக்கி உதவுகிறார் என்று நினைத்து, வரிசையில் நின்று முங்கிவிட்டார். எழுந்து "ஓம் சக்தி" என்றார். பாஸ்டர் பழக்கத்தில் "ஆமென்" என்றார். பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

அதோடு ஆறு வேண்டாம், கடல் வேண்டாம் என்று கொட்டகைக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டினார். அது ஒழுகியது. ராத்திரி நிரப்பினால் காலையில் தரை தெரியும். கொத்தனாரை மாற்றினார். வேறு இடத்தில் ஒழுகியது. ஞானஸ்நானம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஐப்பசியில் பெருமழை வந்து ஊரே முழுகிக் கிடந்தது. பாஸ்டரின் தொட்டியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

அந்த மழையில் ஹெலனுக்கு டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கல்லறையில் பாஸ்டர் நீளமாக ஜெபித்தார். ஹெலன் நித்திரை அடைந்தாள் என்றார். எங்கே கண் விழிப்பாள் என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. அன்று எதையும் கவனிக்கவில்லை. மாமியார் கவனித்திருக்கிறார்.

திருநின்றவூரில் இருக்கும் என் அப்பா அம்மா என்னை வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள். நான் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டேன். கம்பெனி பஸ் அந்தத் தெருமுனையில் நிற்கும். வேறு காரணம் யோசிக்கவில்லை.

நான் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். தொட்டியின் சுவர் ஓர் இடத்தில் மெலிந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளின பெரிய கறுப்புத் தொட்டி ஒன்றைப் பாஸ்டர் கேட்டார். மாட்டேன் என்று சொல்வதைவிடக் கொடுப்பது சுலபமாக இருந்தது. மேலாளரிடம் பேசி, மேல் பாதியை அறுத்து எடுத்துவிட்டு லாரியில் அனுப்பினேன். தொட்டியின் மேல் "பத்து ஆண்டு உத்தரவாதம்" என்று கம்பெனி அச்சடித்திருந்தது. அதன் குறுக்கே சிவப்புப் பெயின்டில் நான் போட்ட பெருக்கல் குறி. நித்திய ஜீவனுக்கு இரண்டுமே பொருந்தாது என்று பாஸ்டர் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டினார்.

தேதி குறித்தாயிற்று. முதல் ஆள் ரோசம்மாள். அப்போதுதான் அவர் மாட்டேன் என்றார்.

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. ஜெபிப்பதை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் ஜெபித்து, அது பலித்து, தெரியாமல் மேலே போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். பிறகு நரகத்துக்கான ஏற்பாடுகளில் இறங்கினார். அவருக்கு அந்த வேலை வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து விழுந்த தேங்காயைத் திருடினார். சட்னி அரைத்து, ஒரு கிண்ணம் அந்த வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அவர் பாத்திரம் கழுவும் கேன்டீனுக்கு ஒரு நாள் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டார். காய்ச்சல் என்ற வார்த்தையைச் சொன்னதிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் கிளம்பி வேலைக்குப் போய்விட்டார். ரேஷன் கடை வரிசையில் இடையில் புகுந்தார். முன்னால் நின்றவர் கர்ப்பிணி என்று தெரிந்ததும் அவர் பையையும் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

"நரகத்துக்குப் போறதும் கஷ்டமாத்தான் கீது நைனா," என்றார் அன்று.

பாஸ்டர் என்னைத் தேடிக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உங்க அத்தையால பெரிய பேஜாராப் பூச்சு."

சபையில் முங்கியவர்களை அவர் பிரதர் என்பார். முங்காதவர்கள் தம்பி.

பக்கத்துக் கடையில் டீயும் வடையும் சொன்னேன்.

"அவங்க ஒருத்தங்க வரலன்னா பரவால்ல தம்பி. மத்தவங்களும் யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்கம்மா முங்கல, எங்க தாத்தா முங்கலன்னு ஆளாளுக்கு செத்தவங்கள எண்ணிக்கினு கீறாங்க. ஒரு அம்மா வந்து, எங்க மாமியா கீழதான்னு நீங்க உறுதியாச் சொன்னா நான் கண்டிப்பா முங்குறேன்னு சொல்லுது. நான் இன்னான்னு சொல்றது?"

"நீங்க சொன்னதுதானே ஐயா."

"நான் சொல்லல. வேதம் சொல்லுது."

"ஹெலன் எங்க?"

அவர் கையிலிருந்த வடையைப் பார்த்தார். "கர்த்தர் அறிவார்."

"ஸ்பீக்கர்ல அப்படிச் சொல்லலையே. முங்காதவன் கேட்டாண்ட கூட நிக்க முடியாதுன்னு சொன்னீங்க. அவ பேர் குடுத்திருந்தா. ஒழுகினது உங்க தொட்டி."

எனக்குக் கோபம் இல்லை. வேலையில் பேசுவது போலத்தான் பேசினேன். எந்த மிஷின், எந்த ஷிப்ட், என்ன குறை. அவ்வளவுதான். பாஸ்டர் வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"பெரிய வெள்ளிக்கிழமை ஒரு கள்ளனைப் பத்திப் பேசினீங்க," என்றேன். "இயேசுவுக்குப் பக்கத்து சிலுவைல தொங்கினவன். நீயும் என்கூட வந்துடுன்னு அவர் அவனுக்கு வாக்கு குடுத்தார்னு சொன்னீங்க."

"ஆமா. அன்னிக்கே பரலோகத்துக்குப் பூட்டான்."

"அவனுக்கு யார் தண்ணி ஊத்தினது?"

பாஸ்டர் சாலையைப் பார்த்தார். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அது அவசர கேஸ் தம்பி. ஆணி அடிச்சிட்டாங்க. எறங்கி ஆத்துக்கு எப்டிப் போவான்?"

"ஹெலனுக்கு ரெண்டு கையிலயும் டிரிப்ஸ் ஏறிட்டிருந்தது."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கிரேனிலிருந்து இறங்கியவர் போல இருந்தார்.

"உன்னாண்ட சொல்றேன் தம்பி. அவ மேலதான் கீறா. எனக்கு சந்தேகம் இல்ல. அன்னிக்குக் கல்லறையிலியும் சந்தேகம் இல்ல. ஆனா எப்டி சொல்றது? அத்தன வருசம் கத்தியாச்சு."

"என்கிட்ட வேண்டாம். அத்தைகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். இன்னிக்கே ஊட்டுக்கு வரேன்."

"வீட்ல வேண்டாம். ஸ்பீக்கர்ல."

"ஸ்பீக்கர்லியா?"

"ஸ்பீக்கர்லதானே அவளை வெளியில நிறுத்தினீங்க."

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். வடையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியாரின் அக்கா ஆரோக்கியமேரி வந்திருந்தார். மீஞ்சூரில் இருப்பவர். இன்னும் கத்தோலிக்கர். தங்கை சபை மாறிய நாளிலிருந்து இருவருக்கும் சண்டை. சண்டை போடுவதற்காகவே மாதம் தவறாமல் ரயில் ஏறி வருவார்.

"அடியே ரோசா, கொயந்தையிலியே ஞானஸ்நானம் ஆனவடி அவ. ஒரு தபா ஊத்தினா ஊத்தினதுதான். மாதா பாத்துக்குவா. கொஞ்ச நாளு உத்தரிக்கிற ஸ்தலத்துல பாவத்தக் கழுவிக்கினு மேல பூடுவா."

"கொஞ்ச நாளுன்னா எவ்ளோ நாளு?"

"அது யாருக்குத் தெரியும்? பூசை குடுத்தா சீக்கிரம் உட்ருவாங்க."

"அவ இன்னா தப்பு பண்ணான்னு அங்க நிறுத்தி வெக்கிறாங்க? அது இன்னா ரயில்வே கேட்டா? சரக்கு வண்டி போறவரிக்கும் நிக்கிறதுக்கு?"

"உன் பாஸ்டர் கேட்டே தொறக்க மாட்டேன்றான். எங்காளு லேட்டானாலும் தொறப்பாரு. எது மேலு?"

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நைனா, நீ செத்தா எங்க போவ?"

"எங்க வீட்ல மறுபிறவின்னு சொல்வாங்க."

"அத்த உடு. பாஸ்டர் கணக்குல?"

"பாஸ்டர் கணக்குல கீழதான். நான் பேர்கூட குடுக்கல."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்காவிடம் திரும்பினார்.

"பாத்தியாக்கா? புருசனும் பொண்டாட்டியும் கீழ. நான் மட்டும் மேல, வெள்ளப் பொடவ கட்டிக்கினு பாட்டு பாடணுமாம். இன்னா கெட்டிக்காரன் பாரு. ஒண்ணும் பண்ணாமலே எடம் புடிச்சிக்கினான்."

அவர் குரலில் உண்மையான பொறாமை இருந்தது. ஆரோக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். முங்குவதற்கில்லை, வேடிக்கை பார்க்க என்று சொல்லிவிட்டுத்தான் பைக்கில் ஏறினார். அன்றாடம் கட்டும் பூப்போட்ட புடவையில் வந்தார். முதல்முறையாக நானும் டீக்கடையைத் தாண்டிக் கொட்டகைக்குப் பின்பக்கம் போனேன். தொட்டி பற்றிப் பாஸ்டருக்குச் சந்தேகம், பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்.

டேங்கர் லாரித் தண்ணீர் நிரம்பியிருந்தது. வெளியே மூன்று படி வைத்த ஏணி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். வெள்ளை உடுத்திய ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். பாஸ்டர் ஏற்கெனவே உள்ளே இருந்தார், தண்ணீர் மார்பு வரை. அவருடைய மனைவி விக்டோரியா வெளியே நாற்காலி மேல் ஏறி நின்று, மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். கரண்ட் மைக் தண்ணீரில் விழுந்தால் எல்லோரும் ஒன்றாக மேலே போகலாம் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். நம்ம ஹெலன் தங்கச்சி முங்கறதுக்கு ஆசப்பட்டா. நம்ம தொட்டி ஒழுகிச்சு. அதுக்குள்ள கர்த்தர் கூப்டுகினாரு. முங்காதவன் கேட்டாண்ட கூட நிக்க முடியாதுன்னு இதே மைக்குல நான் கத்திக்கினு இருந்தேன். சிலுவைல தொங்கின கள்ளன் முங்கல. அவன் உள்ள பூட்டான். ஹெலனும் உள்ளதான் கீறா. நான் சொன்னது தப்பு."

எதிர் டீக்கடையில் யாரோ பாட்டை நிறுத்தியது கேட்டது.

மாமியார் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விறுவிறுவென்று ஏணியில் ஏறி, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாஸ்டரின் முகத்துக்கு நேராக நின்றார்.

"என் மூஞ்சப் பாத்து சொல்லு. மேலயா கீறா?"

"மேலதான்க்கா."

"முங்காமலே?"

"முங்காமலே."

"கொஞ்ச நாளு அங்க, கொஞ்ச நாளு இங்கன்னு இல்லாம?"

"நேரா மேலதான்."

மாமியார் மூச்சை விட்டார். அவர் தோள் இறங்கியது எனக்குக் கீழிருந்து தெரிந்தது. பிறகு அவர் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பாஸ்டரும் பார்த்துவிட்டார். முகம் மாறியது.

"அப்ப நான் இன்னாத்துக்கு முங்கணும்?"

மைக் இன்னும் நடுவில்தான் இருந்தது. கேள்வி தெரு முழுக்கக் கேட்டது.

வரிசை கலைந்தது. "ஆமாம் பாஸ்டர், நாங்க இன்னாத்துக்கு?" என்றார் முதலில் நின்றவர். "தண்ணி வேற ஐஸ் மாரி கீது," என்றார் அடுத்தவர், விரலை விட்டுப் பார்த்துவிட்டு. தன் மாமியார் கீழே என்றால்தான் முங்குவேன் என்ற அம்மாள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வரிசைக் கடைசியில் ஒரு பெண், "அப்ப எங்க மாமியாளும் உள்ள பூந்திருப்பாளா?" என்று கவலையோடு கேட்டார்.

முங்கினால்தான் உண்டு என்றால் ரோசம்மாள் முங்க மாட்டார். முங்காமலே உண்டு என்றால் யாருமே முங்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் பாஸ்டர் மார்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றார். நான் அவரைக் காப்பாற்ற எதுவும் யோசிக்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்த பக்கம் லேசாகப் புடைத்திருந்தது.

"எவ்ளோ நேரம் கைய நீட்டிக்கினு நிக்கிறது?" என்றார் விக்டோரியா. "தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியல," என்றார் பாஸ்டர்.

ஸ்பீக்கரில் அந்த ஒரு வார்த்தை மட்டும் போனது. அவர் குரல் அவ்வளவு சின்னதாக அதில் வந்து நான் கேட்டதில்லை.

"இன்னாத்துக்கு முங்கணும்னு எனக்குக் கணக்கா சொல்லத் தெரியலக்கா. முங்கினா டிக்கெட்டுன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். ஏசு சாமியும் ஆத்துல எறங்கினாரு. அவருக்கு இன்னா பாவம் கீது கழுவறதுக்கு? இன்னா தேவ? எல்லாரும் எறங்கி நின்னாங்க, அவரும் எறங்கினாரு. நம்பளயும் எறங்கச் சொன்னாரு. அவ்ளோதான்க்கா. தேவயில்ல. சும்மா வா."

மாமியார் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"சும்மா வரவா?"

"சும்மா வா."

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எம்பொண்ணு ஒரு சொம்புத் தண்ணி இருந்திருந்தாலும் எறங்கியிருப்பாளே," என்றார். காதிலிருந்த கம்மலைத் தொட்டுப் பார்த்தார், இறுக்கினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு தடாலென்று உள்ளே இறங்கினார்.

ரோசம்மாள் கனமானவர். ஒரு குடம் தண்ணீர் வெளியே வழிந்து, வரிசையில் நின்ற முதல் ஆளின் கால்களை நனைத்தது. பாஸ்டர் ஒரு கையை அவர் முதுகிலும் ஒரு கையை நெற்றியிலும் வைத்து, பிதா குமாரன் சொல்லி, பின்பக்கமாகச் சாய்த்தார். மாமியார் பயத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து முங்கினார்கள். பாஸ்டர் வாழ்க்கையில் இரண்டாம் முறையாக ஞானஸ்நானம் பெற்றார்.

எழுந்தபோது இருவரும் இருமினார்கள். கூட்டம் தோத்திரம் சொன்னது.

"கொண்டை நனையலியே," என்றார் விக்டோரியா நாற்காலி மேலிருந்து. மாமியாரின் உச்சிக் கொண்டை தொட்டி விளிம்பில் மாட்டி, தண்ணீருக்கு மேல் உலர்ந்தே இருந்திருக்கிறது.

"பரவால்ல," என்றார் பாஸ்டர் மூச்சு வாங்க.

"பரவால்லன்னா இன்னா அர்த்தம்?" என்றார் மாமியார். "உச்சி முடி வரைக்கும்னு நீதானே சொன்ன? ஒயுங்கா முக்கு."

"தேவயில்லக்கா, இப்பத்தான சொன்னேன்."

"தேவயில்லன்னா அரகொறயா செய்யறதா? முக்குய்யா."

கொண்டையை அவிழ்த்துவிட்டு, பாஸ்டரின் கையைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டாம் தரம் முங்கினார். இம்முறை ஒரு மயிர்கூட வெளியே தெரியவில்லை. பாஸ்டர் தூக்கப் பார்த்தார். அவர் உடனே எழவில்லை. உள்ளேயே இருந்தார். கறுப்புத் தொட்டியில் அவர் முகம் தெரியவில்லை. நான் ஏணியில் கால் வைத்துவிட்டேன். பிறகு எழுந்தார். முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மற்றவர்களும் இறங்கினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தன் மாமியார் பற்றிக் கேட்ட பெண் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் அவரும் இறங்கினார். தொட்டி தாங்கியது.

எல்லாம் முடிந்து, ஈரப் புடவை மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு மாமியார் பைக்கில் பின்னால் உட்கார்ந்தார். நெடுஞ்சாலைக்கு வந்ததும் பாட ஆரம்பித்தார். சபையில் பாடும் பாட்டு, பாதி வார்த்தைகள் மறந்து போயிருந்தன. கொஞ்ச தூரம் போன பிறகு பாட்டு நின்றது.

"நைனா."

"சொல்லுங்க அத்தை."

"ஹெலன் மேல கீறா. நானும் மேல வந்துருவேன். சரி. நீ?"

முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி போய்க்கொண்டிருந்தது. முந்த இருந்தேன். முந்தவில்லை.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய தீர்ப்பின்படி நானும் ஹெலனும் ஒரே இடம். நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் நின்று வாதாடி அவளை மேலே அனுப்பி வைத்தது நான்தான். எனக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, மறுபிறவியும் இல்லை. எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பைக்கை ஓரம் கட்டினேன்.

"இன்னா நைனா? பெட்ரோல் இல்லியா?"

"இருக்கு."

"பின்ன?"

"நான் தனியா ஆயிட்டேன் அத்தை."

எவ்வளவு பேர் வந்து துக்கம் கேட்டார்கள். ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, சாலை ஓரத்தில், லாரிகளின் புழுதியில் அழுதேன். மாமியார் இறங்கவில்லை. பின்னால் உட்கார்ந்தபடியே ஈரக் கையை என் முதுகில் வைத்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்தது.

நான் ஓய்ந்த பிறகு கேட்டார்.

"அந்தக் கள்ளன் எப்ப மனசு மாறினான்?"

"சாகப் போற நேரத்துல."

"கடைசி நேரத்துலயா?"

"ஆமா."

"அப்ப உனக்கு இன்னும் எவ்ளோவோ டைம் கீது. மூஞ்சத் தொடச்சிக்கினு வண்டிய எடு."

எடுத்தேன். இரண்டாம் கியருக்குப் போவதற்குள் தோளில் தட்டினார்.

"மெதுவாப் போ நைனா. அவனுக்காவது ஆணி அடிச்சி யோசிக்க டைம் குடுத்தாங்க. லாரிக்காரன் குடுக்க மாட்டான்."